கண்ணாடி மூலையில் ஒரு நத்தை

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை விட்டது. குளிர். விரல் நுனியெல்லாம் சிவப்பு. ஆறரைக்கே தெருவில். பதினொரு கடைக்குக் கண்ணாடி துடைத்தல், வெளிப்பக்கம் மட்டும். கடைகள் திறக்க முன் முடித்தாயிற்று. ஒருவரையும் சந்திக்கவில்லை. நல்ல நாள்.

பின்னேரம்: நல்ல நாள் இல்லை. மாமிக்கு, என் முதலாளிக்கு, பூக்கடை அம்மாவிடமிருந்து ஃபோன். இனி வரத் தேவையில்லையாம். இப்போது செய்கிற தம்பியே போதுமாம். காலையில் பளபளவென்று துடைத்துவிட்டு, பத்து மணிக்கு உள்ளே வந்து கார்டும் கொடுத்தாராம்.

துடைத்தது நான். கார்டு கொடுத்தது ஜெயம் அண்ணை. போன வருஷம் வரை மாமியோடு வேலை செய்தவர், இப்போது தனி வான் வண்டி, தனித் தொழில். என் கண்ணாடியைக் காட்டித் தன்னுடையது என்றிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை, தேயிலைக் கடை, அதுகளும் இப்படியே போயிற்று.

மாமி கத்தவில்லை. "எடி, ஒண்டரை வருஷத்திலை ஒருநாளாவது உள்ளுக்குப் போய் முகத்தைக் காட்டினியே?"

இல்லை. விடியக் காலையில் போவதே அதற்காகத்தான்.

தெரு முழுக்கப் போனால் மாமி ஒருத்திக்குத்தான் வேலை. எனக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. பத்தோடு பள்ளிக்கூடம் விட்டவளுக்கு என்ன தருவார்கள்? பேக்கரியில் நின்று நாள் முழுக்க "அடுத்தது யார்?" என்று கேட்கிற வேலை. எனக்கு இதுதான் பிடிக்கும். ரப்பர் பட்டையை மேலிருந்து ஒரே இழுவை. நுரை போக, தெரு தெரியும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலைப் பூசை. பிறகு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. ஜெ. அண்ணை ஓலையும் கையுமாக வந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி.

மாமி: "என்ன ஜெயம், இந்த ஓலையாவது உன்ரையோ, இல்லை வேறை ஆரின்ரையும் கையிலை இருந்து எடுத்ததோ?"

"அக்கா, தெருவிலை உங்கட பேர் எழுதிக் கிடக்கோ? கேட்டன், கடைக்காரர் தந்தவை."

"துடைச்சது ஆர்?"

அண்ணை என்னைப் பார்த்தார். "பிள்ளை சொல்லட்டுமே. இது கதைக்குமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வடைத் தட்டைப் பார்த்தேன். ஐந்து கிடந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

வாங்க: புது ரப்பர், கையுறை, மாமிக்குத் தலையிடிக் குளிசை.

குளியலறையில் ஜெர்மன் மொழியில் சொல்லிப் பழகினேன்: "வணக்கம், உங்கள் கண்ணாடியைத் துடைப்பவள் நான்தான்." பதினாறு தரம். அம்மா கதவைத் தட்டி, "உள்ளுக்கு ஆரடி?"

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். பெரிய பிழை.

மாமி இனி எட்டுக் கடைதான் என்று சொன்னவ. கைக்கு அது விளங்கவில்லை. பூக்கடையை முழுக்கத் துடைத்து, வாளியைத் தூக்கும்போதுதான் நினைவு வந்தது. போனது போகட்டும் என்று எதிர்ப்பக்கம் செருப்புக் கடைக்குப் போனேன். இதனால் நேரமும் பிந்திவிட்டது.

ஜெ. அண்ணையின் வான் வந்தது. ஏணியைத் தோளில் வைக்கிறார், பூக்கடை அம்மா கதவைத் திறக்கிறா.

"அதற்குள் முடித்துவிட்டீர்களா? அழகு."

அண்ணை கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். "ஓம். விடியவே வந்துவிட்டேன்."

ஏணி இன்னும் தோளில்.

எப்படித் தெருவைக் கடந்தேன் என்று தெரியாது. காது கொதித்தது. "நான் துடைத்தேன்." எலிக் குரல்.

"நீங்கள் யார்?"

பழகின வசனம் முழுக்கப் போய்விட்டது. அந்தக் கண்ணாடியில் வெள்ளைச் சோக்கால் வரைந்த பெரிய டியூலிப் பூ ஒன்று உண்டு, வெளிப்பக்கம்தான், கூரை இருப்பதால் மழை படாது. துணி நுனியால் அதைச் சுற்றித்தான் துடைப்பேன். வாயில் வந்தது அதுதான்.

"டியூலிப்புக்குக் கீழே, மூலையில் ஒரு நத்தை இருக்கிறது. நகத்தளவு. ஒரு கொம்புதான்."

அவ குனிந்தா. பிறகு முழங்காலில் இருந்தா. "என் மகள் வரைந்தது. மூன்று வருஷம் நான் இதைக் காணவேயில்லை. துடைக்கிறவளுக்குத்தான் இது தெரியும்." சிரித்த சிரிப்பில் தேயிலைக் கடைக்காரர் வெளியே வந்தார். அவரும் முழங்காலில். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் ஜெ. அண்ணையும் ஏணியைக் கீழே வைத்து முழங்காலில் இருந்தார்.

"மெய்தான். ஒரு கொம்பு."

நடைபாதையில் நாலு பேர் முழங்காலில். நான் மட்டும் நிற்கிறேன், வாளியோடு.

"இவரைத் தெரியுமா?" என்று பூக்கடை அம்மா, அண்ணையைக் காட்டி, என்னைக் கேட்டா.

"கோயிலில் தெரியும்."

அண்ணைக்கு முகம் சிவந்தது. பிறகு தமிழில், மெல்ல: "கதைச்சிட்டாய் என்ன."

"ஓம் அண்ணை."

மூன்று கடையும் திரும்பி எங்களுக்கு. எனக்கு மஞ்சள் டியூலிப் ஒரு கட்டு. ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கிழவர் யார் தந்தது என்று கேட்டார். அவரிடமும் கதைத்தேன்!

மாமி: "உனக்குச் சம்பளம் தாறதுக்குப் பதிலா நத்தைக்குக் குடுக்கலாம்." இரண்டு தரம் தனியாகச் சிரித்தா.

ஏப்ரல் 24, வியாழன்

மழை. வேலை இல்லை. மாமி வீட்டில் புட்டு.

ஜெ. அண்ணை ஃபோன். மாமி ஸ்பீக்கரில் போட்டா.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சனிக்கிழமையிலை பிள்ளையை என்னோட விடுவியளே? நல்ல கை."

"கடையை எடுத்தாய், இப்ப ஆளையும் எடுக்கப் போறியோ? அவளையே கேள்." ஃபோனை என் பக்கம் தள்ளினா.

வாயில் புட்டு. விழுங்கினேன்.

"ஏலாது அண்ணை. வர மாட்டன்."