முள் ஒளிராத கடிகாரம்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் போட்டுத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். இங்கே போனுக்கு சிக்னல் இல்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி வரும்; தபாலும் அதில்தான்.

இந்த மலைகள் எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு உறைந்தவை. ஈரல் நிறப் பாறை. அதன் விரிசல்களில் யுரேனியம் இருக்கிறதா என்று தேடுகிறோம். கதிரை அளக்கும் கருவியோடு பத்தடிக்கு ஒருமுறை நின்று எண்ணைக் குறிக்க வேண்டும். பேச ஆளில்லை. அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது.

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பசிக்கிறது, தூங்குகிறேன். நீங்கள் கொடுத்த அவருடைய கைக்கடிகாரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் எப்படி?

தங்கை

மார்ச் 15

சுண்டெலிக்கு,

ஒர்க்‌ஷாப்புல உக்காந்து எழுதுறேன். காகிதத்துல கிரீஸ் இருந்தா தொடைச்சுக்கோ. அம்மா நல்லா இருக்காங்க. "எம் பொண்ணு மலையில ஆபீசர்"னு தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, முழங்கால் வலிக்குதுன்னு உக்காந்துக்கிறாங்க. நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவ நீ ஒருத்திதான். பேசாம எப்படி இருப்பாங்க?

அப்பா போனதை உனக்கு லேட்டா சொன்னதுக்குக் கோவமா? அப்ப நீ வேலையில சேர்ந்து பத்தே நாள். அது கெட்டுடக் கூடாதுன்னுதான்.

கடிகாரத்தைப் பூட்டி வைக்கவா குடுத்தேன்? இருட்டுலயும் மணி தெரியணும்னு மில் வேலைக்காக அப்பா தேடிப் பிடிச்சு வாங்கின பழைய சரக்கு. முள் ஒளிர்றது எப்பவோ நின்னுபோச்சு, ஆனா ஓடுது. கட்டிக்கோ. அவர் கூட நடக்குற மாதிரி இருக்கும்.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபமெல்லாம் இல்லை.

நீங்கள் சொன்னபடி கட்டிக்கொண்டேன். காலையில் முகாமில் கருவியைச் சரிபார்த்துவிட்டு, மலையேறும்போது கட்டுவேன். அதே வாரம் மேற்குச் சரிவைத் தொடங்கினோம். அங்கே என் எண்கள் இரண்டு மடங்கு. "கெட்டிக்காரிம்மா நீ" என்றார் எங்கள் தலைவர். பள்ளம் வெட்ட எட்டுப் பேரை இறக்கியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். தெருவில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தங்கை

ஏப்ரல் 13

சுண்டெலி,

லேட்டு. அடுத்த தெரு வரைக்கும் போயாச்சு.

அண்ணன்

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பள்ளத்தில் ஒன்றும் இல்லை. எட்டுப் பேர் ஒன்பது நாள் பாறை உடைத்தார்கள். ஒருவருக்குக் கால் நகம் பெயர்ந்தது.

கடைசி நாள் கைப் புழுதியைக் கழுவக் கடிகாரத்தைக் கழற்றித் தள்ளி வைத்தேன். கருவியில் எண் பாதியாக இறங்கியது. திரும்பக் கட்டினேன். ஏறியது.

பழைய கடிகாரங்களில் முள் ஒளிர ரேடியம் பூசுவார்கள். காலப்போக்கில் ஒளி போய்விடும், கதிர் போகாது. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய விடை. கருவி பிடிக்கும் கையிலேயே கட்டியிருந்தேன். அப்பா போனது மாரடைப்பில், இதனால் இல்லை. நீங்கள் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டிக்கொள்ளச் சொன்னதும் உங்கள் தவறில்லை.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். பிறகு, "சரி, எழுதிக் குடுத்துடு."

எழுதிக் கொடுத்தேன். ஜூனோடு என் வேலை முடிகிறது. நீட்டிக்க மாட்டார்களாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த தெருவுக்கு நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். இதற்கும் அழுகை வரவில்லை.

அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சிலேயே கேட்க நினைத்தேன்.

அப்பாவை எடுத்து மூன்றாம் நாள்தான் எனக்கு ஆள் அனுப்பினீர்கள். வேலை கெட்டுவிடக் கூடாது என்று மறைத்தீர்கள். இனி அந்தக் கவலை இல்லை. அந்த நாளை எனக்கு எழுதுங்கள். காலையில் அவர் எழுந்ததிலிருந்து. என்ன சட்டை போட்டிருந்தார், என்னைக் கேட்டாரா, கடிகாரத்தை யார் கழற்றினார்கள், அப்போது அதில் மணி என்ன. எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

சுண்டெலி