கச்சான் பக்கம் கதவு

இன்று காலை தகரக் கொட்டகையில் கட்டட வரைபடத்தை விரித்த நேரம் கச்சான் அடித்தது. கதவு படீரென்று சாத்திக்கொண்டது. தாள் முழுக்கப் புழுதி. துடைத்தபோது மேற்கு ஓரத்தில் உமது கையெழுத்து தெரிந்தது: ‘கச்சான்’. மேலைக்காற்றுக்கு உங்கள் கடற்கரைப் பெயர். திசைக்குப் பதில் காற்றின் பெயரை எழுதுகிறவர் நான் அறிய நீர் ஒருவர்தான். கேட்டால், “வடக்குன்னு அம்புக்குறி எல்லாவனும் போடுவான். காத்து எங்கன இருந்து வருதுன்னு எவம்வே போடுதான்?” என்பீர்.

பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி இருந்த இடத்தில்தான் ஓட்டல் எழும்புகிறது. நகரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்கிறார்களாம். மேற்கே சாலையை அகலமாக்கிக் கல் பதித்துவிட்டார்கள். நிழலுக்கு நின்ற வாகைகள் இல்லை. தெற்கே மீன் வாங்கிவிட்டு வடக்கே பஸ் ஏறப் போகிற சனமெல்லாம் கிட்டங்கி முற்றத்தைத்தான் குறுக்கே கடக்கும். ஓட்டல் வந்தாலும் அந்த நடை நிற்கக்கூடாது, கிழக்கு ஓரமாக வழியைத் திறந்தே விடவேண்டும் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். பல மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்தோம். கால்கோள் அன்று ஓட்டல் முதலாளியிடம் என்னைக் காட்டி, “இவரு எனக்கு ஒத்தாசைக்கு இருக்காரு” என்றீர்.

சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை நான். உம்மோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஒத்தாசைக்காம். அந்த வாரமே விலகினேன். நீர் கூப்பிடவில்லை. பிறகு நீர் போய்ச் சேர்ந்தீர். மீதி வேலைக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

இன்று அவர் கொட்டகைக்கு வந்தார். அகலச் சாலையைப் பார்த்து மேற்கே வாசல் வேண்டும், கிழக்கு வழியைக் கண்ணாடி போட்டு அடைத்துக் காபிக் கடை ஆக்கவேண்டும் என்றார். உமது எழுத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தாத்தா கொழும்பில் வியாபாரம் செய்தவர்.

“இங்கன கடலைக் கடையா அண்ணாச்சி? கொழும்புல கச்சான்னா நிலக்கடலைலா.”

சனத்தின் வழி என்று பேசினால் அவர் காதில் ஏறாது. எனக்கும் மன்றாடத் தெம்பில்லை. அவர் வாசல் கேட்ட இடத்திலேயே நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்தேன். டம்ளர் வாய்க்குப் போகுமுன் அதில் புழுதி மிதந்தது. எங்கள் பக்கத்துத் தேரி மணல். வெள்ளைச் சட்டை செம்மண் நிறமாயிற்று.

“எம்புட்டு நாளைக்கு இப்படி அடிக்கும்?”

ஆடி முடியுமட்டும் என்றேன். வருசா வருசம்.

“அப்பம் வாசலை எங்கன வைக்க?”

கிழக்கு வழியைப் பார்த்து என்றேன். வழியை அடைத்தால் வாசலும் அடைபடும் என்பதை அவரே கண்டுகொண்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, “சரி, வழி கெடக்கட்டும். காபிக் கடைய மாடிக்கு ஏத்திருங்க” என்று காரில் ஏறினார்.

மத்தியானம் தாளைப் புதிதாக வரைந்தேன். மேற்கு ஓரத்தில் ‘கச்சான்’ என்று என் கையே எழுதிற்று. அந்தப் பழக்கம் இனி என்னை விடாது. கீழே, வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். உமது பெயரை விட்டுவிடத்தான் நினைத்தேன்; முடியவில்லை. இரண்டாவதாக எழுதி, பக்கத்தில் ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்.

ஒத்தாசை.