சனிக்கிழமைப் பை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். போன இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆனாலும் உன்னைப் பற்றிய சேதி எனக்குத் தேடி வந்தது, அதுவும் என் வேலை மேசைக்கே.

உங்கள் சபையின் செய்தி மடலை இந்த முறை எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. நான்காம் பக்கத்தில் ‘சனிக்கிழமைப் பை ஊழியம்’ என்று நீ எழுதிய கட்டுரை. பெண்கள் ஐக்கியம் சேர்ந்து துணிப்பை தைப்பது, அதில் ஒரு சோப்பு, சீப்பு, துண்டு, பல் துலக்கும் பிரஷ் போட்டு ஆஸ்பத்திரியில் யாருமற்றுக் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோவது. “பையைக் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேளுங்கள்” என்று எழுதியிருந்தாய். நன்றாக எழுதுகிறாய், அக்கா. இரண்டு இடத்தில் காற்புள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து பதினோரு மாதம் ஆகிறது. இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு தெளிந்துவிட்டது, நக்கலும் திரும்பிவிட்டது. உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. கதவு தட்டினால் மட்டும் தலையைத் திருப்புகிறார். எரிவாயுக்காரர் என்று தெரிந்ததும் திரும்பப் படுத்துக்கொள்கிறார்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஒரு சனிக்கிழமையை எங்களுக்குக் கொடேன். மூளையில் இரண்டாவது அடைப்பு வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் வாலு


மார்ச் 15

ஆண்டவருக்குள் அன்பான வாலுவுக்கு,

எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்தது, கண்ணாடி முன்னாலேயே நிற்கிறான். கண் மருத்துவமனையில் எனக்கு இப்போது காலை முறை. டோக்கன் கொடுத்துக் கொடுத்து, கனவிலும் “அடுத்தவங்க வாங்க” என்கிறேனாம். அத்தான் சிரிக்கிறார்.

நீ தனியாகப் பார்த்துக்கொள்வது கஷ்டம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் ஜெபிக்கிறேன். இந்த மாதச் சனிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி ஊழியம். ஐந்தாம் வார்டில் கவனிக்க ஆளே இல்லாதவர்கள் பன்னிரண்டு பேர். அடுத்த மாதம் முதியோர் இல்லம். நான் இல்லாவிட்டால் ஐக்கியத்துப் பெண்கள் துண்டுக்குப் பதில் கைக்குட்டை வாங்கி வைத்துவிடுவார்கள்.

இதனோடு தபாலில் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குப் பயன்படும். துண்டு நல்ல பருத்தி.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பை வந்தது. துண்டு நன்றாக இருக்கிறது. உள்ளே ஓர் அட்டையும் இருந்தது. அப்பா அதை வலது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி இல்லாம தெரியலை, படி” என்றார்.

படித்தேன். “அன்பரே, உங்களை எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆண்டவருக்குத் தெரியும்.”

அப்பா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “ஆண்டவருக்காவது தெரியுதே. பென்ஷன் ஆபீசுல கேட்டா, அங்கேயும் தெரியாதுங்கறான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த அட்டையை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம், அக்கா. மறந்துவிட்டாயா?

வாலு


ஏப்ரல் 2

வாலு,

அன்று முப்பது பைகள் கட்டினோம், மறந்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். நீ மெய்ப்புப் பார்ப்பவள், பிடித்துவிடுவாய். மறக்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்தேன். திரும்ப உள்ளேயே போட்டேன்.

பன்னிரண்டு வருடம் முன்னால் நானும் ஒரு பையோடுதான் வந்தேன். நோயில் கிடந்த அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழமும், ஒரு துண்டும், அவளுக்குப் பிடித்த சோப்பும். அப்பா கதவைப் பாதி திறந்தார். பையை வாங்கிக்கொண்டார். “யாரைப் பார்க்கணும்? இங்கே உனக்கு யாரும் இல்லை” என்றார். கதவைச் சாத்தினார். நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டதற்கு அதுதான் தண்டனை. நான்கு நாளில் அம்மா போய்விட்டாள். எனக்கு ஆள் அனுப்பியது அடக்கம் முடிந்த பிறகு.

அப்போது உனக்குப் பதினேழு வயது. சன்னல் திரை அசைந்ததை நான் பார்த்தேன். நீ அங்கே நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இதுவரை நான் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். ஆனால் எனக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுக்காதே.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவர்களின் கையைப் பிடித்தால் என் கை நடுங்குவதில்லை. அவர்கள் எனக்கு எதுவும் செய்யவில்லை. ஊழியம் என்று ஊர் சொல்கிறது. எனக்குத் தெரியும், அந்த ஒரு கதவைத்தான் சனிக்கிழமைதோறும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வருகிறேன். தனியாக வர என்னால் முடியாது. கடைசிச் சனிக்கிழமை உங்கள் பக்கம் நான்கு வீடுகளுக்கு ஐக்கியத்துப் பெண்களோடு வருகிறோம். உங்கள் வீட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். சபையில் சேர்ந்தபோது எனக்கு அப்பா இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு உன்னையும் தெரியாது. நீயும் தெரியாதவளாகவே இரு. இதை மட்டும் செய்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

வா. எப்படி வேண்டுமானாலும் வா. ஒருவரிடமும் சொல்லமாட்டேன். சபைக்காரர்கள் ஜெபிக்க வருகிறார்கள் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவைக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நம்புகிறேன்.

திரைக்குப் பின்னால் நின்றது நான்தான்.

வாலு


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

ஆறு பேர் வந்தீர்கள். நீ நான்காவதாக நின்றாய். கண்ணாடி போட்ட உங்கள் ஐக்கியத்துப் பெரியம்மா ஒருவரை முன்னால் தள்ளிவிட்டு, பாட்டு முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. பையைக் கொடுக்கும் முறை வந்தபோது அதைக் கட்டிலின் இடது பக்கம் வைத்தாய். இடது கை வராது என்று உனக்கு எழுதியிருந்தேன். அப்பா உடம்பைப் புரட்டி வலது கையால் எடுத்தார். நீ அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

“ரொம்ப நன்றிம்மா. எந்த ஊரு நீங்க?” என்றார்.

“மூணு மணி நேரப் பயணம், ஐயா” என்றாய்.

“அப்பா அம்மா இருக்காங்களா?”

இப்போது சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ அந்தப் பெரியம்மாவை ஒரு தரம் பார்த்தாய்.

“இல்லைங்க ஐயா. ரெண்டு பேருமே இல்லை.”

“பாவம். அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை” என்றார் அப்பா. பெரியம்மா ‘ஆமென்’ சொன்னார்.

உங்கள் வேன் தெருமுனை திரும்பியபின் போர்வையைச் சரிசெய்யப் போனேன். “அவளுக்குக் காதோரம் நரைச்சுப்போச்சு. முப்பத்தெட்டுதானே ஆகுது” என்றார்.

“தெரிஞ்சுமா அப்படிக் கேட்டீங்க?”

“ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். சொல்ற மாதிரி இருந்தா சொல்லட்டும்னு.”

“சொல்லலைன்னதும் நீங்களே சொல்லியிருக்கலாமேப்பா.”

“அத்தனை பேர் நிக்கறாங்க. எம்பொண்ணை நான் காட்டிக் கொடுக்கவா?” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “சொல்லிடாதீங்கன்னுதானே நின்னா. அவ கேட்டு நான் கொடுத்தது இது ஒண்ணுதான்.”

அன்றிலிருந்து கதவு தட்டினால் அவர் தலை திரும்புவதில்லை.

பன்னிரண்டு வருடம் முன்னால் திரைக்குப் பின்னால் நான் வாய் திறக்காமல் நின்றதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முன்பே கேட்டிருக்க வேண்டும். அவர் செய்ததும் சின்னக் காரியம் இல்லை. உனக்கு அவர்மேல் கோபப்பட உரிமை உண்டு. கோபத்தோடு வந்திருந்தால்கூட அவருக்கு ஒரு மகள் வந்திருப்பாள். நீ சோப்பும் சீப்பும் கொண்டுவந்தாய்.

அடுத்த மாதமும் வருவதாக அந்தப் பெரியம்மா சொல்லிவிட்டுப் போனார். பட்டியலில் எங்கள் வீட்டை அடித்துவிடு. ஐந்தாம் வார்டில் இருப்பதுபோல் இங்கே யாருமற்றவர் ஒருவரும் இல்லை.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்