கோச்சி வாசலில் ஒரு கொழுந்துக்கூடை

ராஜகுமாரியின் அப்பாவுக்கு, கொழும்பிலிருந்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? பேரப்பிள்ளைகள் சுகமா?

போன ஞாயிறு, நான் சமைக்கும் வீட்டு நோனா களனி ஆற்றங்கரையில் நடந்த ரயில் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். மலையிலிருந்து கோப்பியும் தேயிலையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் ரயில் பாதை போட்டுக் கோச்சி விட்டார்களாம். சரக்கைப் பற்றி ஒரு விளக்கப் பலகை, பயணிகளைப் பற்றி ஒரு பலகை. நம் தோட்டத்து ஆட்கள் இரண்டிலும் இல்லை. குடியுரிமை இல்லையென்று என் அக்காவை அழ அழ இந்தியாவுக்கு ஏற்றிப்போன கோச்சியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதோடு விட்டார்களா? தேயிலைக் கொழுந்துக்குப் பதில் குரோட்டன் இலை நிரப்பிய கொழுந்துக்கூடையை நோனா கொண்டுவந்தார். "ஆயா, இதை மாட்டிக்கிட்டு கோச்சி வாசல்ல நில்லுங்க, படம் எடுக்கணும்." கயிற்றைத் தலையில் மாட்டுவதுகூடத் தெரியாமல் தோளில் மாட்டச் சொல்கிறார்!

"நானும் டிக்கட்டோட வந்த ஆளுதான் நோனா. வேணும்னா நீங்க மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே நிறுத்தியிருந்த கோச்சியின் முதலாம் வகுப்புப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அன்றிலிருந்து நோனா என்னோடு பேசவில்லை. வேலை போனால் போகட்டும், நீங்கள் பயப்பட வேண்டாம்.

இங்கே தேத்தண்ணி, கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி. நம் தோட்டத்துத் தூள் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் என் கம்பளியையும் அனுப்புங்கள்.

நோனா கூப்பிடுகிறார். தேத்தண்ணி கேட்கவாவது வாயைத் திறந்தாரே!

ராஜகுமாரியின் அம்மா