பனிச்சரிவின் அடியில் நின்றவள்

மச்சாள்,

நேற்று ஒரு பிறந்தநாள் வீட்டில் என் சேலையில் மெழுகுவர்த்தியின் மெழுகு சிந்திவிட்டது. வீட்டுக்கு வந்து, கறையின் மேல் பழைய பேப்பரை விரித்து அயன்பெட்டியை வைத்தேன். மெழுகு இளகிப் பேப்பரில் ஊறிய வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மற்றவர்களுக்கு இறந்தவர்களை நினைத்தால் கண் கலங்கும். எனக்கு முதலில் எரிச்சல் வருகிறது, கண் அதற்குப் பிறகுதான் கலங்குகிறது. பழக்கதோஷம், என்ன செய்ய.

அது லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டுக் கராஜின் வாசம். பனிச்சறுக்குப் பலகையின் அடியில் மெழுகை உருக்கிப் பூசி, ஆறிய பிறகு சுரண்டி எடுத்தால்தான் பலகை வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு அம்மாவின் அயன்பெட்டியைத்தான் களவாக எடுப்போம். பிறகு அப்பா வேலைக்குப் போடும் வெள்ளைச் சேட்டில் மெழுகுக் கோடு விழும். அம்மா என்னைப் பிடித்து ஏசுவார், உன்னை ஒரு சொல் சொல்லமாட்டார். "அது வந்த பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்" என்பார். அந்த வந்த பிள்ளைதான் என் பலகைக்கும் சேர்த்து மெழுகு பூசியது என்பது அவருக்குத் தெரியாது.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் நீ எங்களிடம் வந்தாய். அம்மாவின் ஒரே அண்ணனின் ஒரே மகள். மாமாவும் மாமியும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு, தெரிந்த ஒரு குடும்பத்தோடு உன்னை மட்டும் அனுப்பியிருந்தார்கள். உனக்கும் எனக்கும் ஒரே வயது. என் அறையில் பாதி உனக்குப் போனது, என் குளிர்கோட்டு உனக்குப் போனது. அதையெல்லாம் சிணுங்காமல்தான் கொடுத்தேன். சறுக்குச் சரிவு ஒன்றாவது எனக்கென்று மிஞ்சும் என்று நினைத்திருந்தேன்.

லண்டனில் பனிமலைக்கு எங்கே போவது? குரோய்டன் பக்கத்து மேடு ஒன்றில் செயற்கைச் சரிவு இருந்தது. வீடு கூட்டும் தும்புத்தடிகளை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்து, நிமிர்த்தி மேடு முழுக்கப் பதித்தது போல இருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். விழுந்தால் முழங்கைத் தோல் அங்கேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தால் ஒருமுறை கூட்டிப்போனார்கள். எனக்குப் பிடித்துப்போய், அப்பாவை நச்சரித்து அங்கிருந்த கழகத்தில் சேர்ந்தேன். எங்கள் சனத்தில் அங்கே போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னை வாசலில் மறித்தார். "இவளையும் கூட்டிக்கொண்டு போ. தனிய விட்டால் அழுதுகொண்டிருப்பாள்."

என் பழைய சப்பாத்தையும் பழைய பலகையையும் போட்டுக்கொண்டு முதல்நாள் முழுக்க விழுந்தாய். நான் உள்ளுக்குள் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். கோடைக்குள் எழும்பிவிட்டாய். கம்புகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஓட்டத்தில் என்னை முந்தினாய். அதன் பிறகு ஒருநாளும் உன்னை என்னால் பிடிக்க முடியவில்லை.

"இந்தப் பிள்ளைக்குப் பயமே கிடையாது" என்று எங்கள் பயிற்சியாளர், அந்தச் சிவந்த மூக்கு ஸ்கொட்லாந்துக்காரர், அம்மாவிடம் சொன்னார். அம்மா வீடு வந்து அப்பாவிடம், "ஆமிக்காரனைக் கண்ட பிள்ளைக்கு உந்தச் சரிவு எந்த மூலைக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கஷ்டம்கூட உனக்குக் கைகொடுக்கிறதே. ஆமிக்காரனைக் காணாமல் லண்டனில் பிறந்தது என் குற்றமா?

உன்னிடமே கேட்டேன். "பயமில்லாமல் ஆர் இருக்கினம்? ஒவ்வொருமுறையும் கால் நடுங்கித்தான் வாறன்" என்றாய். "கிட்ட இருக்கிற கம்பைப் பாக்கிறேல்லை. அங்கால வாற கம்பைப் பாக்கிறன், அவ்வளவுதான்." மறுவாரம் நானும் அங்கால வந்த கம்பைப் பார்த்தேன். கிட்ட இருந்த கம்பில் மோதி விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் அல்ப்ஸ் மலைக்கு, ஒஸ்ரியா நாட்டுக்கு, ஒரு பயணம் வந்தது. உண்மையான பனி, உண்மையான போட்டி. எங்கள் கழகத்தில் ஒரு பெண்பிள்ளைக்குத்தான் இடம். பயிற்சியாளர் உன் பெயரைச் சொன்னார். ஆனால் உன் அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, நாட்டைவிட்டு வெளியே போக உன்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அதனால் இடம் எனக்கு வந்தது. "அவளுக்குக் குடுத்துவைக்கேல்லை, நீயாவது போ" என்று அம்மா என் பெட்டியை அடுக்கித் தந்தார். அந்த 'நீயாவது' என்ற சொல்லையும் சுமந்துகொண்டு விமானம் ஏறினேன். போட்டியில் கடைசிக்குக் கொஞ்சம் மேலே வந்தேன். திரும்பி வந்தபோது நீ என் கட்டிலில் சம்மணமிட்டு இருந்தாய்.

"பனி எப்பிடி? பலகைக்குக் கீழ சத்தம் வருமோ?"

"பிளாஸ்டிக் மாதிரித்தான்" என்றேன்.

அடுத்த குளிர்காலம் ஸ்கொட்லாந்து மலையில் ஒரு போட்டி வைத்தார்கள். அங்கே போகப் பாஸ்போர்ட் தேவையில்லை. அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் நாட்டின் இளையோர் அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்றும், எங்களில் ஒருத்திக்குக் கிடைத்தாலே பெரிய காரியம் என்றும் பயிற்சியாளர் சொன்னார். ரொட்டி, சம்பல், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி என்று அம்மாவும் எங்களோடு பஸ் ஏறினார். முதன்முதலாகப் பனியில் ஒருதரம் இறங்கிவிட்டு வந்து, "பிளாஸ்டிக் மாதிரியோ? சரியான பொய்க்காரி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணியில் அந்த இடம் எனக்கு வேண்டும். அதைவிட, கீழே எல்லைக் கோட்டருகே குடையோடு நின்ற அம்மா, ஒரே ஒருதரமாவது என்னிடம் ஓடிவர வேண்டும்.

எனக்குப் பிறகுதான் உன் முறை. நான் நன்றாகத்தான் இறங்கினேன், மச்சாள். என் வாழ்க்கையிலேயே நன்றாக இறங்கிய நாள் அது. கடைசிக்கு முந்திய வளைவில் பனி தேய்ந்து ஐஸாக இறுகிக் கிடந்தது. கால் என்னை விட்டுப் பறந்தது. முகம் பனியில் உரசி, நாடியில் இரத்தத்தோடு எழும்பிக் கீழே வந்தேன்.

ஓடி முடித்தவர், மேலே காத்து நிற்கும் தன் கழகத்தவருக்கு வோக்கிடோக்கியில் பாதையின் நிலைமையைச் சொல்வது வழக்கம். மற்றக் கழகத்தார் ஒட்டுக்கேட்பார்கள் என்று நாங்கள் இருவரும் தமிழிலேயே பேசிக்கொள்வோம். பயிற்சியாளருக்கு அந்தத் தந்திரத்தில் பெரிய பெருமை. அன்றும் கருவியை என் கையில் தந்தார். நான் எதைச் சொன்னாலும், எதைச் சொல்லாமல் விட்டாலும், பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் விளங்காது. அம்மாவுக்கு விளங்கும், ஆனால் அவர் தள்ளி நின்றார். அம்மாவின் குடையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

"கடைசிக்கு முதல் வளைவில ஐஸ்" என்றேன். "உள்ளுக்கை வெட்டாதை, வெளியால அகட்டி வா. பிந்தினாலும் பரவாயில்லை."

"ஓம், விளங்குது. நீ விழுந்தனியோ? நொந்ததோ?"

"நீ வா" என்றேன்.

நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி அகட்டி வந்தாய். வென்றாய். அம்மா குடையைப் போட்டுவிட்டு என்னைக் கடந்து ஓடினார். உன்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணை இதைப் பாக்கேல்லையே" என்று அழுதார். அண்ணனை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கினால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா? ஒருபிடி பனியை அள்ளி நானே என் நாடியில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உன்னை வீட்டில் காண்பதே அரிதாகிவிட்டது. அணியில் எடுத்தார்கள். சில வருடத்தில் பாஸ்போர்ட்டும் வந்தது. குளிர்காலம் என்றால் அல்ப்ஸ் மலைதான். முதலில் பட்டியலின் கடைசியில் வந்தாய், பிறகு நடுவுக்கு ஏறினாய், பிறகு உன் பெயர் இங்கத்தைய பேப்பரின் ஒரு மூலையில் வந்தது. அப்பா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உன் முகத்தில் விழித்தேன். நான் மருந்தாளர் படிப்பு முடித்து, பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனேன். ஆர்ச்வே முருகன் கோயிலில் யாராவது ஒரு அன்ரி என்னைப் பிடித்து, "நீர் அந்தப் பனியில ஓடுற பிள்ளையின்ரை மச்சாள் எல்லோ?" என்பா. "ஓம்" என்பேன். உன்னைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, என் பெயரைக் கேட்காமலே போய்விடுவா.

இனித்தான் உன் நல்ல காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இரத்தத்தில் வருத்தம், புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, நீ திடீரென்று சொன்னாய். "அண்டைக்கு ஸ்கொட்லாந்தில நீ கீழ நிண்டு ஐஸ் எண்டு சொன்னனி எல்லோ. உன்ரை இடத்தில நான் நிண்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டன்."

"தெரியும்."

"பிறகேன் சொன்னனி?"

"நீ விழுந்தால் அம்மா அழுவா."

"நான் வெண்டதுக்கும் அழுதவாதானே" என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. மனதில் இருப்பதை இப்படிப் பட்டென்று சொல்ல எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

உன் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து மாமாவும் மாமியும் வர வழி கிடைக்கவில்லை. அம்மாதான் தாயாகத் தலைமாட்டில் நின்றார். பெட்டியைக் கொண்டுபோன பிறகு மண்டபத்தில் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, என் பெயரைச் சொல்லி அழுதார். எத்தனை காலமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. அது கிடைத்த அந்த நேரத்தில், நீ பார்க்கிறாயா என்று என் கண் உன்னைத்தான் தேடியது.

இப்போதும் தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு போனால் பார்க்கிறேன். உன்னைவிட வேகமாக இறங்குகிற பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் வென்றால் எனக்கு ஒன்றும் எரிவதில்லை. எரிச்சல் முழுவதையும் உனக்கென்றே வைத்திருக்கிறேன், அது கொஞ்சமும் குறையவில்லை. அம்மா இப்போது எனக்குத்தான் முதலில் தேத்தண்ணி ஊற்றுகிறார், நான் வேலை முடிந்து வந்தால் என்னிடம்தான் முதலில் வருகிறார். ஒஸ்ரியாவுக்குப் போன மாதிரித்தான் இதுவும். உன்னால் வர ஏலாமல் போனபடியால் எனக்குக் கிடைத்த இடம். எனக்கு இது வேண்டாம், மச்சாள். வந்து என்னை முந்திக்கொண்டு போ.