அலுமாரிக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

இன்றைக்கு நம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். காரியாலய அறையில் நீ தள்ளி வைத்த அந்தப் பெரிய மர அலுமாரியை, ஆள் பிடித்து ஒருவழியாக நகர்த்தினோம். நனைந்த பலகையும் பழைய சோக்குத் தூளும் கலந்த ஒரு வாசம் அறை முழுக்கப் பரவியது. பின்னால் அந்த ஜன்னல் அப்படியே இருந்தது. கம்பியெல்லாம் துரு, மூலையெல்லாம் சிலந்தி வலை. பிற்பாடு எந்த மழைக்கோ வெளியிலிருந்து சாத்திய கதவின் கொக்கியை, கம்பிக்குள் கைவிட்டுத் தட்டித் தட்டித் திறந்தேன். எதிரே தேயிலை மலை, மலைக்கு மேல் மழை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னமும் இப்படி ஏதாவது நடந்தால் கை தானாகப் போனை எடுத்து உன் பெயரைத் தேடுகிறது.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் நோர்வூட் மேட்டில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியைகளாக வந்தோம். நான் ஹட்டன் டவுன்காரி. நீ பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். மழை நாளில் குறுக்குப் பாதையில் நான் வழுக்கும்போதெல்லாம், "டவுன் காலு இப்படித்தான், ரோட்டத் தவிர வேற ஒன்னும் தெரியாது" என்று சிரித்துவிட்டுக் கையைக் கொடுப்பாய். சிரிப்பு முதலில் வரும், கை அப்புறம்தான் வரும்.

அந்த ஜன்னல் விஷயம் எனக்கு ஒரு வழக்கமாகத்தான் தெரிந்தது. உனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்து ஆபீசில் எதைக் கேட்பதானாலும் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் கேட்க வேண்டும். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் வரும், வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அதே பழக்கத்தில் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் பள்ளிக்கூடத்திலும் ஜன்னலுக்கே வந்தார்கள். வாசல் விரியத் திறந்திருக்கும். ஆனாலும் மழையில் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்று, "டீச்சர்..." என்பார்கள். "வாங்கன்னு நாம கூப்பிடவே இல்லையே" என்பாய் நீ. "வாசல் தெறந்துதானே கிடக்கு" என்பேன் நான். அதற்கு நீ பார்க்கும் பார்வை இருக்கிறதே, அப்பப்பா.

சரசக்கா வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பத்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த கௌரியின் அம்மா. கொழுந்துக்கூடையை முதுகிலிருந்து இறக்காமலே ஜன்னலில் நின்று, "கௌரி இனிமே வராதுங்க டீச்சர். பேர வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. கேள்வி கேட்டே நம்மைத் திணறடிப்பாள். நீ வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் அந்த அக்கா கீழே மலை வளைவில் மறைந்துவிட்டார். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்று சொன்னாய்: "ஜன்னல்ல நின்னா ரெண்டு வார்த்தைதான் வரும். மூனாவது வார்த்தை உக்காந்தாத்தான் வரும்."

மறுநாள் காலை நான் வந்தபோது அறை இருட்டாக இருந்தது. அலுமாரியை ஜன்னலுக்கு நேரே தள்ளி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றாய். அன்றைய பள்ளி அதிபர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா இது, பட்டப்பகல்ல லைட்டுப் போட்டு வேல செய்யணுமா?" என்றார். "கொஞ்ச நாளைக்குத்தான் சேர்" என்றாய். அந்தக் கொஞ்ச நாள் இன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது.

கௌரியின் பள்ளி விடுகைப் பத்திரம் வாங்க சரசக்கா திரும்பி வந்தார். வழக்கம்போல் ஜன்னலுக்குத்தான் போனார். அங்கே அலுமாரியின் முதுகு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பலகையையே தட்டி, "டீச்சர்... டீச்சர்..." என்று கூப்பிட ஆரம்பித்தார். உள்ளே எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டாய்:

"அக்கா, ஜன்னலுக்கு இன்னைக்கு லீவு. இந்தப் பக்கம் வாங்க."

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டாய். உட்காரவில்லை. "இருக்கட்டுங்க, நான் நின்னுக்கிறேன்" என்று சுவரோரம் ஒதுங்கினார். உடனே நீயும் எழுந்து நின்றாய். என்னைப் பார்த்து முறைத்தாய், நானும் எழுந்தேன். மூன்று பேரும் மூன்று கதிரையைச் சுற்றி நின்றுகொண்டு ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார்.

"என்னா, எல்லாரும் நிக்கிறீங்க? பெரட்டா?"

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையாக நிற்க வைப்பார்களே, அந்தப் பெரட்டு. சரசக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நீயும் உட்கார்ந்தாய்.

மூன்றாவது வார்த்தை வர வெகுநேரம் எடுத்தது. நீ ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை நீட்டிவிட்டு, மழையைப் பற்றி, கொழுந்தைப் பற்றி, உன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். டீ பாதி குறைந்தபோதுதான் அந்த அக்கா சொன்னார்.

"மழைக்கு உடுப்பு காய மாட்டேங்குதுங்க. அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான் காயப் போடுறோம். புகை நாத்தம் அடிக்குது, பின்னால போய் உக்காருன்னு வகுப்பு சேர் சொல்லிட்டாராம். எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சிருக்கு. அதுலேருந்து பள்ளிக்கொடம்னாலே அழுவுது."

உன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. "எங்க வீட்டுலயும் அடுப்புக்கு மேலதான்கா காயுது. இந்தாங்க" என்று சேலைத் தலைப்பை நீட்டினாய். அந்த அக்கா அதைப் பிடித்து முகர்ந்து பார்த்தது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் அந்த வாசம் எனக்குப் பழகிப் போயிருந்தது. அது உன் வாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சேரை நீ திட்டுவாய், பெரிய சண்டை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ செய்தது வேறு. அடுத்த வாரம் சரசக்காவை மறுபடி வரச் சொல்லி, அவருக்கு எதிரே இன்னொரு கதிரையைப் போட்டு, சேரையும் கூப்பிட்டாய். அவரைக் கண்டதும் அந்த அக்கா எழுந்தார். நீ தோளைப் பிடித்து உட்கார வைத்தாய். வெளியூரிலிருந்து வந்த மனுசன், பாவம், அடுப்புப் புகையில் உடுப்புக் காயும் என்றே அவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து கேட்டபோது தலை தானாகக் குனிந்தது. "தெரியாம சொல்லிட்டேம்மா. புள்ளைய அனுப்பி வைங்க. நானே வகுப்புல சொல்றேன்" என்றார், சொன்னபடி செய்தார். கௌரி திரும்பி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் அப்படி வந்துவிடவில்லை. அலுமாரியின் முதுகைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனவர்களும் உண்டு. நீ பின்னாலேயே ஓடுவாய். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது கட்டிலோரம் நின்றபடியே பேசினேன். அந்த நிலையிலும் அதட்டினாய்: "கதிரைய இழுத்துப் போடுடி. நிக்கிறவங்க எப்பவும் கெளம்பத்தான் பாப்பாங்க." உட்கார்ந்தேன். அன்று பேசியதை வைத்துக்கொண்டுதான் இன்னும் காலம் தள்ளுகிறேன்.

இப்போது நான்தான் இங்கே அதிபர். ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்கையில் மனசுக்குள் ஒரு பயம். திறந்து கிடந்தால் எல்லோரும் பழையபடி ஜன்னலுக்கே வந்துவிடுவார்களோ? பழைய இடத்திலேயே அலுமாரியை வைத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். உன் அலுமாரியை அசைத்ததே தப்பு என்றுகூடத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். திறந்த ஜன்னலைத் தாண்டி, அதைத் திரும்பியும் பார்க்காமல், வாசல் வழியாக உள்ளே வந்து, நான் சொல்வதற்கு முன்பே கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கௌரி! ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை. மகள் நம்மிடம்தான் மூன்றாம் தரம் படிக்கிறாள்.

"டீச்சர், எம்மக கேள்வி கேட்டா 'சும்மா உக்காரு'ன்னு சொல்றாங்களாம். ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கோபமாகத்தான் கேட்டாள். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது, அதிபர் அல்லவா! அடுத்த நொடி சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பாசிரியையைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, எதிரே ஒரு கதிரை போட்டேன். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். முதலில் முறைப்பு, அப்புறம் விளக்கம், கடைசியில் பிள்ளை கேட்ட கேள்வியைச் சொல்லி இரண்டு பேருமே சிரித்தார்கள்.

எழுந்தபோதுதான் கௌரி ஜன்னலைக் கவனித்தாள்.

"இதுதானா அது? அலுமாரியத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன்னு அம்மா இன்னமும் சொல்லிச் சிரிக்கும். நல்லா காத்து வருது டீச்சர். தொறந்தே வைங்க."

அலுமாரியை எங்கே வைப்பது என்று வெள்ளையடிக்கிற அண்ணன் கேட்டார். அந்தப் பக்கச் சுவரைக் காட்டினேன். அறையில் இப்போது நல்ல வெளிச்சம். பட்டப்பகலில் லைட் வேண்டாம்.

உன்னிடமிருந்து வந்த ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. யார் வந்தாலும் எழுந்து நிற்கிறேன், அவர்கள் உட்காரும்வரை நானும் உட்காருவதில்லை. இன்றைக்கு கௌரி வந்தபோதும் எழுந்தேன். நான் நிமிர்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.