ஒரு கப் சோறு

பிரகதி,

நடக்கக் கிளம்பிவிட்டேன். பாபநாசம் வரை போவதாக உத்தேசம். டீக்கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டே கடப்பேன். சாவி ஜன்னலில்.

நேற்று சர்க்கரை முந்நூறு என்றதும், "திருட்டுத்தனமா அல்வா தின்னீங்களா?" என்று அழுதாயே, சத்தியமாக இல்லை. டாக்டர் ஒரு கப் என்றது வெந்த சோற்றை. நீயோ ஒரு மாதமாக அரிசியை ஒரு கப் அளந்து வடித்துக் கொட்டினாய். தட்டில் தினமும் பெரிய கோயில் விமானமே எழுந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது.

அடுத்த மாதமும் குறையாவிட்டால் ஊசியாம். விடமாட்டேன். மதியம் சோறு ஒரு கப், கீரை இரண்டு கப் போதும்.

குணசேகரன்

பி.கு.: கப்பைத் தலைதட்டி அள. குவித்து வைத்தால் இந்த முறையும் சொல்லமாட்டேன்.